தவக்காலத்தில் ஒரு மீன் குழம்பு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் நாற்பது நாளும் மீன், கறி, முட்டை எதுவும் அடுப்பேறாது. அம்மாவின் சட்டம் அது. போன வருடம் நான்காவது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சமையலறையிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்குச் சும்மாவே வரும்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் திறந்து கிடந்தது, ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குச் சாம்பார் தயார். மீன் சட்டியை மட்டும் காணோம்.

"யாருக்கும்மா மீனு?"

"மீனா? பக்கத்து வூட்டுலேர்ந்து வருது போல. நான் கோயில் வேலையா போயிட்டு வந்துடறேன்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் சுத்த சைவம்.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்குக் கோயிலே கதி. பங்குச் சாமியார் பெருக்கச் சொன்னால் பெருக்குவாள், பூக்கட்டச் சொன்னால் கட்டுவாள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அந்தத் தலையாட்டல் எனக்கு எரிச்சல். யாரோ இவளை நன்றாக ஏமாற்றுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்றைக்கு அவள் கட்டைப்பைக்குள் டிபன் கேரியர் இருந்தது. எங்கள் உப்பளம் தெருமுனையில், கோயிலுக்கு நேர் எதிர்த் திசையில் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன்.

மூலக்குளத்தில் அவள் நுழைந்த வீட்டைப் பார்த்ததும் எனக்குக் கொதித்தது. அது அப்பாவின் அக்கா வீடு.

அம்மா பிள்ளைச்சாவடியில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள், கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். அத்தைக்கோ பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம் என்ற மிடுக்கு. புதுப்பெண்ணாக அம்மா வைத்த முதல் மீன் குழம்பை, "கவுச்சி நாறுது" என்று விருந்தாளிகள் முன்னால் சாக்கடையில் கொட்டியவள். இப்போது அவள் பிள்ளைகள் பிரான்சில், அவள் இங்கே வேலைக்காரியின் கவனிப்பில் படுத்த படுக்கை.

வாசல் கதவு திறந்திருந்தது. ஓரமாக நின்று ஒட்டுக்கேட்டேன்.

"உப்பே இல்ல. பழி வாங்குறியா? எடுத்துக்கினு போ," என்றாள் அத்தை.

"ரெண்டு வாய் சாப்பிடுங்க அண்ணி. நேத்தும் எதுவும் சாப்பிடலியாமே."

அத்தை தட்டைத் தள்ளிவிடும் சத்தம் கேட்டது.

வெளியே வந்த அம்மாவிடம் வெடித்தேன். "இவங்களுக்கு நீ ஆக்கிப் போடணுமா? யாரு சொன்னா?"

"அண்ணிய மன்னிக்க முடியலன்னு சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். தவக்காலம் முழுக்க வெள்ளிக்கெழம அவங்க கேக்கறத ஆக்கிக் குடுன்னாரு. அவங்க மீன் கொழம்பு கேட்டாங்க."

"உப்பு?"

அம்மா கேரியரைப் பைக்குள் திணித்தாள். "மொத ரெண்டு வாரம் வேணும்னேதான் கொறச்சேன். அதையும் போயி சொன்னேன். திரும்பவும் போன்னாரு, போனேன். போன வாரத்துலேர்ந்து நெசமாவே அவங்க சாப்பிடணும்னு இருக்குடி. ஆனா நோன்புல ருசி பாக்க முடியல, கை தடுமாறுது."

நான் முழுசாக நம்பவில்லை. இத்தனை வருடக் கோபம் நாலு வாரத்தில் கரையுமா என்ன?

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். என் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு குழம்பு விட்டாள்.

"உப்பு பாத்து சொல்லு."

"எனக்கும் நோன்புதானே?"

"சனிக்கெழம ஆனா பஸ் ஸ்டாண்டாண்ட பிரியாணி தின்றது எனக்குத் தெரியாதா? நக்கிப் பாரு."

வேவு பார்த்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வெட்கத்தோடு நக்கினேன். உப்பு குறைவுதான். சரியாக இருக்கிறது என்று வாய்வரை வந்துவிட்டது. அத்தை இன்னும் ஒரு நாள் பட்டினி கிடக்கட்டுமே என்றுதான் நினைத்தேன், மறைப்பானேன். அம்மா உப்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் அரை ஸ்பூன் போடும்மா," என்றேன்.