அண்ணி மொஹிங்கா சாப்பிட்ட கதை

பர்மாவில் நாங்கள் இருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மருந்துக்கடை வரும். அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு நடந்துவந்தது. சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது என் வேலை. ஒரே மாதிரியான கடிதங்களை வருஷக்கணக்கில் எழுதி எழுதி, வேறு எதையும் அந்த மொழியில் சொல்லத் தெரியாமல் போய்விடுமோ என்று பயம் வந்தது. அதனால் சேர்ந்தேன். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் சரியாக இருக்கும்.

பாடம் நடத்தியவர் என்னைவிட மிகவும் இளையவர். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் சொல்லிக்கொடுத்து, பிறகு வெளியே வந்துவிட்ட பர்மியப் பெண். டீச்சர் என்பதற்கு இங்கே வழங்கும் சொல்லால் எல்லோரும் அவரைச் 'சயாமா' என்று கூப்பிட்டோம். முதலில் இலக்கணம் நடத்தினார். அது எல்லோருக்கும் அலுத்துப்போனதும், நூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவில் எழுதிய சிறுகதைகளைப் பிரதி எடுத்துக் கொண்டுவர ஆரம்பித்தார்.

கதைகளுக்கு முன்னால் அந்த நாட்டின் நிலைமையைச் சொன்னார். அதற்கு முன் அங்கே பேர்பெற்ற கதைகளில் பாழடைந்த மாளிகை இருக்கும், சாபம் பிடித்த குடும்பம் இருக்கும், காட்டில் தன்னந்தனியாகத் திரியும் வீரன் இருப்பான். அப்புறம் வடக்கும் தெற்கும் சண்டை போட்டு ஓய்ந்தன. எந்தத் தெருவை எடுத்தாலும் யாரோ ஒருவர் திரும்பி வரவில்லை. அதன்பிறகு வீரத்தைப் பற்றிய பெரிய பேச்சு பலருக்கும் கசந்துவிட்டது. ரயில் வந்தது, பட்டணங்கள் பெருத்தன, பத்திரிகைகள் கூடின. பத்திரிகையில் வேலை பார்த்துப் பழகிய பலர் கதை எழுத வந்தார்கள். பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஆளுக்கொரு மூலையை எடுத்துக்கொண்டார்கள். ஆற்றங்கரை, மீன்பிடிக்கிற ஊர், சோளக்காடு, சுரங்கத்து ஊர். அந்தந்த ஊர் ஜனங்கள் பேசுகிறதை அப்படியே எழுத்துக்கூட்டி அச்சில் போட்டார்கள்.

"வாசிக்கிறவங்களுக்குப் பிடிச்சுதா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் பிடிக்கலை. அடுப்படியில கேக்குற பேச்சைப் புத்தகத்திலயும் ஏன் கேக்கணும்னு சொன்னவங்க உண்டு" என்றார் சயாமா.

எங்களுக்கும் முதலில் பிடிக்கவில்லை. நாங்கள் வாசித்த முதல் கதையில் ஒரு விவசாயியின் மனைவி விருந்தாளிக்காகக் காத்திருப்பாள். விருந்தாளி வரமாட்டார். அவ்வளவுதான் கதை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்கிக்காரர், "ஒண்ணுமே நடக்கலையே சயாமா" என்றார்.

"கடைசியில அவ என்ன செய்றா?"

"அடுப்பை அணைச்சிட்டுப் படுக்கப் போறா."

"திரும்ப ஒருதடவை பாருங்க."

அவர் பார்த்தார். அவள் அடுப்பை அணைக்கவில்லை. இன்னொரு கட்டையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் படுக்கப் போகிறாள். அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வங்கிக்காரர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கும் அந்தக் கட்டை நினைவிலேயே இருந்தது.

நானும் கதை எழுதுகிறவள்தான். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு ஒரு தமிழ் மலர் போடுவார்கள். வருஷா வருஷம் அதில் என் கதை ஒன்று வரும். எல்லாம் காவிரிக் கரையில் நடக்கும் கதைகள். மாட்டுவண்டி, தென்னந்தோப்பு, பண்ணையார் மகள். நான் காவிரியைப் பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை. சினிமாவில் பார்த்ததையும் பழைய பத்திரிகைகளில் வாசித்ததையும் சேர்த்து எழுதுவேன். தமிழில் கதை என்றால் அங்கேதான் நடக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை என் கதையைச் சர்ச்சில் வாசித்தபோது, என் நாத்தனார் மகள் பக்கத்தில் வந்து, "அத்தை, இது தமிழா?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

அந்தப் பெண்தான் போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் பாங்காக்குக்கு வேலைக்குப் போனாள். ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. என் கணவரின் அக்காவுக்கு அவள் ஒரே பிள்ளை. நான் அண்ணி என்று கூப்பிடும் அவர்கள் ஆற்றுக்கு அந்தப்பக்கம், டாலாவில் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். கணவர் இறந்து வெகுநாளாயிற்று. வழியனுப்ப நானும் ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தேன்.

அந்த நாளைக் கதையாக எழுதலாம் என்று தோன்றியது. எழுதினேன். தாய் மகளைக் கட்டித் தழுவி, "கண்மணியே, உன்னைப் பிரிந்து நான் எவ்வாறு உயிர் வாழ்வேன்" என்று கதறுவதாக முடித்தேன். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போகிறாள். கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அக்கா எப்போ கண்மணின்னு சொல்லிச்சு?"

"கதைன்னா அப்படித்தான்."

"அக்கா சண்டையில்ல போட்டுச்சு? பலாச்சாங் பாட்டிலுக்கு?"

அவர் சொன்னது சரி. வறுத்த இறாலும் மிளகாயும் பூண்டும் சேர்த்த பலாச்சாங்கை அண்ணி ஒரு பெரிய பாட்டில் நிறைய அடைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். எண்ணெய் ஒழுகித் துணியெல்லாம் பாழாகிவிடும் என்று மகள் வாங்க மறுத்தாள். "நான் மூணு பை போட்டுச் சுத்திருக்கேன்" என்று தாய். "வேணாம் மேமே, அங்கேயே கிடைக்குது" என்று மகள். மேமே என்றால் அம்மா. அங்கே கிடைப்பது வேறு என்று இவர்கள் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, கடைசியில் அந்தப் பெண் கோபத்தில் முகம் சிவந்து, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அண்ணி பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டார்கள். "பசிக்குது" என்றார்கள். வெளியே ஒரு கடையில் மொஹிங்கா வாங்கினோம். மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ் அது. அண்ணி ஒரு கிண்ணத்தை முடித்து, பருப்பு வடையைப் பிய்த்துப் போட்டு இன்னொரு கிண்ணமும் சாப்பிட்டார்கள். கடைக்காரியிடம் கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்தார்கள். நான் டாலா வரை கூடப் போனேன். படகில் இடமிருந்தும் அண்ணி உட்காரவில்லை. டாலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விட்டுவந்த கரையைப் பார்த்தபடி கம்பியைப் பிடித்து நின்றார்கள். வீட்டுக்குப் போனதும் மகளின் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தார்கள். செருப்பு சின்னது. குதிகால் வெளியே நின்றது.

இவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். பார்த்ததை விட்டுவிட்டுக் கண்மணியே என்று எழுதியிருக்கிறேன். மறுபடி உட்கார்ந்தேன். நடந்ததை மட்டும் எழுதினேன். நாங்கள் பேசும் தமிழிலேயே, பர்மியச் சொல் வந்த இடத்தில் பர்மியச் சொல்லாகவே எழுதினேன். ஒரு பத்தி முடிக்க ஒரு மாலை பிடித்தது. அழகான வார்த்தை ஒன்று வந்து உட்காரும். அதை அடித்துவிட்டு, அண்ணி உண்மையில் என்ன சொன்னார்கள் என்று யோசிப்பேன்.

மலரைத் தொகுக்கிறவர் அச்சகம் வைத்திருக்கிறார். என் வயதுதான். வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இந்த மேமே, யாபாடே எல்லாம் மாத்திடலாமா? தமிழ்நாட்டுக்காரங்க பார்த்தா சிரிப்பாங்க."

"யாபாடேன்னா பரவாயில்லைன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும்."

"மலரை வாங்குற எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டுக்கு எத்தனை மலர் போகுது?"

அவர் விரல்விட்டு எண்ணப் பார்த்தார். ஒன்றும் போவதில்லை. "அப்போ இருக்கட்டும்" என்றார்.

கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் காலை, அண்ணி படகேறி வந்துவிட்டார்கள். வீட்டில் கரண்ட் இல்லை. கதவைத் திறந்து வைத்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்கள். கையில் மலர்.

"பேர் போடலைன்னா தெரியாதா? டாலால பள்ளிக்கூடம் வச்சிருக்கிறது எத்தனை பேரு?"

"உள்ள வாங்க அண்ணி."

"மக ஊரை விட்டுப் போறா, தாய்க்காரி ரெண்டு கிண்ணம் மொஹிங்கா தின்னாள்னு ஊரே வாசிக்குது. ஒருத்தி எங்கிட்டயே கேக்குறா, எந்தக் கடை, நல்லாருந்துச்சான்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர்கள் கண் கலங்கியிருந்தது. அப்போது எனக்கு வருத்தமாகிவிட்டது. எழுதும்போது அவர்களிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொன்னேன். "கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பேன்" என்றார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். "அந்தச் செருப்பை ஏன் எழுதினே? என் செருப்பு வார் அறுந்துபோச்சு, அதனால போட்டேன். நீ என்னமோ மாதிரி எழுதி வச்சிருக்கே."

"நான் ஒண்ணுமே எழுதலையே அண்ணி. போட்டீங்கன்னு மட்டும்தான் எழுதினேன்."

"அதான் சொல்றேன்."

நான் டீ போட எழுந்தேன். அப்போது அண்ணியின் போன் அடித்தது. மகள் வேலை இடைவெளியில் கூப்பிடுகிற நேரம். அவளுக்கு யாரோ அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். தமிழ் எழுத்து அவளுக்கு வாசிக்க வராது.

"மேமே, அத்தை நம்மளைப் பத்தி எழுதிருக்காங்களாமே. வாசிச்சுக் காட்டு."

"ஒண்ணும் வேணாம்."

"நான் வாசிக்கிறேன்" என்று கை நீட்டினேன். அண்ணி மலரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். "நீ வாசிச்சா அழுது வாசிப்பே. நானே வாசிக்கிறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்கள். பாட்டில் சண்டை வந்ததும் அந்தக் குரல் போய்விட்டது. தன் வசனத்தைத் தானே பேசினார்கள். மூணு பை என்ற இடத்தில் கோபமாகவே சொன்னார்கள். போனில் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "நான் இப்படியா பேசினேன்?" என்றாள். "இதைவிட மோசமா பேசினே" என்றார்கள் அண்ணி. ஒரு இடத்திலும் அந்தப் பெண் அர்த்தம் கேட்கவில்லை.

அவள் உள்ளே போன இடம் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. மொஹிங்கா, கூரை, படகு. அண்ணியின் வேகம் குறைந்தது. செருப்பு வந்ததும் நிறுத்திவிட்டு, "என் வார் அறுந்துபோச்சு. அதை இவ எழுதலை" என்றார்கள்.



"அலமாரியில புதுச் செருப்பு இருந்துச்சே மேமே. நான் போறதுக்கு முன்னாடி உனக்குன்னு வாங்கி வச்சேனே. எடுத்துக் காட்டினேனே."

அண்ணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்கள்.

"உப்பு வாங்கப் போறதுக்குப் புதுச் செருப்பு எதுக்கு?" என்றார்கள்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து அவர்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது, என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. டீ ஆறிப்போகும் என்று தெரிந்தும் கொண்டுபோகாமல் நின்றேன். அப்புறம் அண்ணி உள்ளே எட்டிப் பார்த்து, "அவளுக்கு வேலைக்கு நேரமாச்சாம். டீ போட்டியா இல்லையா?" என்று கேட்டார்கள்.

அன்று மதியம் எங்களோடு சாப்பிட்டார்கள். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கிளம்பும்போது, "இனிமே என்னை எழுதுறதுன்னா முதல்ல எனக்குக் காட்டணும்" என்றார்கள். ஒப்புக்கொண்டேன். இதுவரை மீறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சயாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த அமெரிக்க எழுத்தாளர்களுக்கும் இப்படி நடந்ததா, ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டார்களா என்று கேட்டேன். "நடக்காம இருந்திருக்குமா?" என்றார் அவர். வங்கிக்காரர் என் கதையைப் பர்மிய மொழியில் சொல்லச் சொன்னார். சொன்னேன். முடிந்ததும், "ஒண்ணும் நடக்கலையே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. நீளமானது. தமிழும் பர்மிய மொழியும் நடுநடுவே தாய்லாந்துச் சொல்லுமாக அண்ணியின் மகள் பேசியிருந்தாள். அவளோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கு ஊர் டாலா பக்கத்துத் த்வாண்டே. இருவரும் ஒருநாள் ஹோட்டல் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். பயத்தை மறக்க அந்தப் பெண் தன் கல்யாணம் நின்றுபோன கதையைச் சொல்லியிருக்கிறாள். கதவைத் திறந்தபோது இருவருமே வெளியே வரவில்லையாம். மீதியைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தார்களாம். "அவகிட்ட கேட்டுட்டேன் அத்தை, எழுதலாம்னு சொல்லிட்டா. ஆனா அவ அழுததா எழுதக்கூடாதாம்" என்று முடித்திருந்தாள்.

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த லிஃப்டில் வெளிச்சம் இருந்ததா, துணி வண்டியும் அவர்களோடு உள்ளே இருந்ததா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.