அந்திப் படத்துக்கு முகம் போட்டவர்

திருச்சியில் தெருவைப் படம் எடுப்பதைப் போலத் தலைவேதனை வேறில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு பெட்டிக் காமிரா இருந்தது. ஆபீஸ் விட்டதும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெரிய கடைவீதிக்குப் போவேன். மூட்டை தூக்குகிறவரைத் தூக்குகிறபடியே எடுக்கவேண்டும் என்று ஆசை. நடக்குமா? காமிராவைக் கண்டதுமே அவர் மூட்டையை இறக்கிவைத்து, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்பார். சைக்கிளில் வருகிறவர் இறங்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். வெற்றிலைக் கடைக்காரர் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவருவார். பிலிம் சுருளைக் கழுவிப் பார்த்தால் அதில் தெருவே இருக்காது. விறைத்துப்போன மனிதர்கள்தான் இருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, ஆகாயத்தை எடுப்போம், அதற்குப் பொத்தான் போடத் தெரியாது என்று ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறைக்குப் போக ஆரம்பித்தேன். காவிரியில் மேற்கே சூரியன் இறங்குகிற நேரத்தில், படியில் நிற்கிறவர்கள் வெளிச்சத்துக்கு எதிரே வெறும் கறுப்பு உருவங்களாகத் தெரிவார்கள். முதுகுப் பக்கம் நான் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

அங்கேயும் ஒருவர் குறுக்கே வந்தார். தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில்தான் சுருளைக் கழுவக் கொடுப்பேன். ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷர், தொல்லையே அதுதான். முகம் தெரியாத படத்தை அவர் பிரிண்ட் போடவே மாட்டார். கெட்டுப்போனது என்று தானாகவே ஒதுக்கிவிட்டு, எனக்கு வெளிச்சம் போதாமல் போனதற்காக வருத்தப்படுவார். உருவம் கறுப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்வேன். ஒருத்தரை எடுத்துவிட்டு முகத்தை விட்டுவிட்டால் அவர்கள் மனசு என்ன பாடுபடும் என்று அவர் கேட்பார். சுவரோடு பேசியிருக்கலாம்.

ஒரு மாலை, மேகம் பிளந்து வெளிச்சம் கீற்றுக் கீற்றாக ஆற்றில் இறங்கியது. படியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் ஆற்றைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பியிருந்தான். மற்ற இருவர் பக்கவாட்டில் நின்றார்கள். எடுத்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது, இது அமைந்த படம். ஸ்டுடியோக்காரரிடம் இதை மட்டும் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினேன். அவரும் தலையாட்டினார்.

அடுத்த வாரம் போனால், படம் ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மூன்று பேருக்கும் முகம். கல்யாணப் பெண்ணுக்கு நகை போட்டு, மாப்பிள்ளையைச் சிவப்பாக்குகிற அதே பிரஷ்ஷால் கண், மூக்கு, உதடு எல்லாம் வரைந்திருந்தார். ஸ்ரீரங்கத்துப் படித்துறை ஆயிற்றே என்று மூன்று நெற்றியிலும் நாமம் வேறு. உடனே அதை எடுங்கள் என்று உள்ளே போய்க் கத்தினேன்.

அவர் பெஞ்சைக் காட்டினார். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். முசிறிக்காரர் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். அவருடைய மகன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம், தகவலே இல்லையாம். சமயபுரத்தில் வேண்டிக்கொண்டு கடைவீதிக்கு வந்த இடத்தில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். நேற்றும் வந்தாராம், இன்றும் வந்திருக்கிறாராம். என் பக்கம் திரும்பி நிற்கிறவன் தன் மகன்தான் என்கிறாராம்.

ஸ்டுடியோக்காரர் மேல் இருந்த எரிச்சல் இப்போது பயமாகிவிட்டது. ஒரு பிரஷ் செய்த காரியத்தைப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

"அம்மா, அந்த முகம் இவர் வரைஞ்சது. வெறும் பெயிண்ட். உங்க பிள்ளை முகம் இல்லைங்க."

ஸ்டுடியோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா எழுந்து கண்ணாடிப் பெட்டியிடம் போனார்.

"முகத்த யாரு தம்பி பாத்தா? நாமம் போடுற வழக்கமே எங்க வீட்டுல கிடையாது. அந்தக் கையப் பாருங்க. சின்னதுல மரத்துலேருந்து விழுந்து கை ஒடிஞ்சுது. அன்னையிலேருந்து எங்க நின்னாலும் அப்படித்தான் பிடிச்சிக்கிட்டு நிப்பான்."

பார்த்தேன். கழுத்துக்குக் கீழே பிரஷ் படவில்லை. கறுப்பு உருவம் இடது கையால் வலது முழங்கையை ஏந்திப் பிடித்தபடி நின்றிருந்தது. எத்தனையோ தடவை அந்தப் படத்தை மனசுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன்; அந்தக் கை எனக்குத் தெரிந்ததே இல்லை.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே போனார். மெலிந்திருந்தானா, வேட்டியா கால்சட்டையா, அந்த இருவரும் அவனோடு வந்தவர்களா, பிறகு எந்தப் பக்கம் போனான். அவனிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். மேகம் எப்படிக் கலைந்தது, ஆற்றின் மேல் வெளிச்சம் எங்கே முதலில் அணைந்தது என்று கேட்டால் சொல்லியிருப்பேன்.

"நான் கவனிக்கலைங்க அம்மா" என்றேன்.

நான் எதையோ மறைப்பதாக நினைத்தாரோ என்னவோ, என் முகத்தையே பார்த்தார்.

"பாக்காமலா தம்பி படம் புடிச்சீங்க?" என்று கேட்டார்.