சந்தனம் வைத்த ஏணி

ஏணிக்கு எண்ணெய் தடவியது பேயாண்டிதான். அது எல்லோருக்கும் தெரியும்.

ஒத்தக்கடை அரிசிக் குடோனில் ஆயுத பூஜைக்குச் சுமைதூக்குகிறவர்கள் கும்பிட என்ன இருக்கிறது? மூடையைக் குத்தி இழுக்கிற கொக்கி, தலையில் போடுகிற சாக்கு, அடுக்கிய மூடைகள்மேல் ஏறுகிற இரும்பு ஏணி. துருவேறிய அந்த ஏணியைப் பேயாண்டி தேய்த்துக் கழுவி, பளபளவென்று இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவி, படிக்குப் படி சந்தனம் குங்குமம் வைத்தான்.

மறுநாள் லோடு வந்தது. முதல் மூடையை எப்போதும் காளைதான் ஏற்றுவான், கைராசிக்காரன். லாரிமேல் நின்று பேயாண்டி எடுத்துக் கொடுக்க, அவன் முதுகில் வாங்குவான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் ஜோடி. வேறு எவன் மூடை வைத்தாலும் காளைக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள்.

அன்றைக்குக் காளை ஏணியில் கால் வைத்துப் பார்த்தான். "வழுக்குது மாப்ள. துடைச்சிட்டு ஏறவா?"

"மொத மூடை ஏறாம சந்தனத்தைத் துடைக்கக் கூடாதுடா. ஒரு நடைதான, ஏறு" என்றான் பேயாண்டி. இறங்கி வந்து ஏணியின் காலையும் பிடித்துக்கொண்டான்.

பாதியில் கால் நழுவியது. மூடையை விட்டிருந்தால் காளை கம்பியைப் பிடித்திருக்கலாம். கீழே பேயாண்டி நிற்கிறானே என்று விடவில்லை. மூடையோடு பக்கவாட்டில் சாய்ந்து, சிமெண்டுத் தரையில் கால் ஊன்றி விழுந்ததில் இரண்டு குதிகாலும் நொறுங்கின.

ஆபரேஷன் முடிந்து காளையைத் திருவாதவூர் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பேயாண்டி ஞாயிறுதோறும் போனான். காளையின் மனைவி ஒச்சம்மாள் வாங்கண்ணே என்று காப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருக்கும் அவனுக்கு. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் காளை மழை, மாடு என்று பேச்சை மாற்றிவிடுவான். பொங்கல் கழித்து வந்துவிடுவேன், என் இடத்தில் எவனையும் நிரந்தரமாகப் போட்டுவிடாதே என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவான்.

பொங்கல் கழிந்தது. மாசியில் ஒரு ஞாயிறு, நடக்கலாம் ஆனால் சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை ஒச்சம்மாள் தெருக் குழாயடியிலேயே பேயாண்டியிடம் சொன்னாள். அவன் திண்ணையில் உட்கார்ந்து காப்பியை வாங்கியதும், காளை கம்பை ஊன்றி வாசல்வரை வந்து நின்றான். டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. இப்போது யாருக்கு எடுத்துக் கொடுக்கிறாய் என்று கேட்டான்.

"செல்வக்குமாருக்கு" என்றான் பேயாண்டி, தரையைப் பார்த்து.

"குட்டைப் பய. அம்புட்டுக் குனிஞ்சு வச்சா உன் இடுப்பு என்னத்துக்காகும்" என்று காளை சிரித்தான். கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டான். "இருந்தாலும் அவனையே வச்சுக்க மாப்ள."

பேயாண்டி ஆறிப்போன காப்பியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.