அடிநீர்ப் புட்டி

என் தந்தை, அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்த ஒரு தனியார் ஆய்வகத்துக்காகக் கூவம் கடலில் சேருமிடத்தில் நீர் மாதிரி எடுத்துவந்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு புட்டிகள்: மேல்நீர் ஒன்று, அடிநீர் ஒன்று. அடிநீர் எப்போதும் கலங்கலாக வந்தது. புட்டியை ஆற்றின் அடித்தரையில் இடித்துச் சேற்றைக் கிளப்புகிறார் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். தவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை.

அந்த வாரம் நானும் உடன் போனேன். பாலத்தின் மீதிருந்து ஈயக்குண்டை இறக்கி ஆழம் பார்த்தார். தரை தட்டிய அளவுக்குக் கயிற்றில் முடிச்சிட்டார். குண்டு கிளப்பிய சேறு அடங்கும்வரை காத்திருந்து, சற்றுத் தள்ளிப்போய்ப் புட்டியை இறக்கினார். முடிச்சுக்கு ஒரு முழம் இருக்கையிலேயே நிறுத்தி, நூலை இழுத்து மூடியைத் திறந்தார். மேலே வந்த நீர் காபி நிறத்தில் இருந்தது. உப்புமானியில் எண் எகிறியது.

"மேல ஆத்துத் தண்ணி, லேசு. கீழ கடல் தண்ணி, கனம். அதுல மண்ணு வேற மெதந்துகினு கீது, இன்னும் கனம். அப்பால எப்டிம்மா ரெண்டும் கலக்கும்?"

ஆய்வகத்தில், தந்தையைவிட இருபது வயது இளைய மேற்பார்வையாளர் இரண்டு புட்டிகளையும் ஒரே வாளியில் கவிழ்த்துக் கலக்கினார். அதுதான் அங்கே வழக்கமாம்.

"ஆறு ஒண்ணுதான அண்ணாத்தே, ரெண்டு ரிசல்ட் இன்னாத்துக்கு? உன் சேத்தால மொத்த நம்பரும் ஏறிப்போவுது."

அந்த வாளியிலிருந்த நீர் ஆற்றின் எந்த ஆழத்திலும் இல்லாத நீர். அதைச் சோதித்து, அந்த எண்ணுக்காக ஒரு மனிதரைப் பொய்யராக்கினார்கள். புட்டி தரையைத் தொடவில்லை, நான் பார்த்தேன் என்று சொன்னேன்.

"பாப்பா இன்னா படிக்குது? இலக்கியமா?" என்று அவர் சிரித்தார்.

தந்தை அந்த எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்தார். 'தரையைத் தொட்டேன்' என்று அச்சிட்டிருந்த வரியை அடித்துவிட்டு, 'தொடவில்லை, ஒரு முழம் மேலே' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"இதுக்காகவா வேலய உடுற?"

"தொடலயே சார். தொட்டேன்னு எப்டி எழுதறது?"

இப்போது வேறொருவர் போகிறார். மேல்நீர் மட்டும் போதும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்களாம்.