நாற்பத்தேழாம் இலக்கப் போத்தல்

யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக இருந்த குணவதிக்கு 1994இல் ரொறன்ரோ ஆஸ்பத்திரி ஒன்றின் நிலக்கீழ் மருந்தகத்தில் வேலை கிடைத்தது. இருதய நோய்க்கு விழுங்கும் புதுக் குளிசை ஒன்றை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத வெறும் குளிசை என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. தெரிந்தால் அந்த எண்ணமே முடிவைச் சாய்த்துவிடும். போத்தலில் இலக்கம் மட்டும். எந்த இலக்கத்துக்கு எது என்ற பட்டியல் குணவதியின் பூட்டிய மேசை லாச்சியில்.

ஒரு ஞாயிறு நகரின் மில்லிக்கன் பகுதியில் இருந்த வேரோனிக்கா அக்கா வீட்டுக்குப் போனாள். கனடா வந்த புதிதில் ஏழு மாதம் அவளை வைத்துச் சோறு போட்டவள் அந்த அக்கா. குசினி மேசையில் குணவதி தன் கையால் நிரப்பிய போத்தல் இருந்தது. 47. வெறும் குளிசை.

அக்கா சோதனையில் இருப்பதை மேலாளரிடம் சொன்னாள். அவளுக்குப் பதிலாகப் போட வேறு ஆளில்லை, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றார் அவர்.

மாரிக் குளிரில் அக்காவுக்குப் படியேறவே மூச்சு வாங்கியது. குணவதி புறப்பட்டபோது அக்காவின் கணவர் யோசப் அவளுடைய கார் வரைக்கும் பின்னால் வந்தார்.

"பிள்ளை, வாயால சொல்லவேண்டாம். தலையை மட்டும் ஆட்டு. உண்மை மருந்தோ?"

"அண்ணை, அக்கா விரும்பினா எப்பவும் விலகலாம்."

"அது கையெழுத்து வைச்ச ஃபோமிலயே கிடக்கு. நல்ல மருந்தெண்டா விலகிப்போட்டு என்ன செய்யிறது?"

தலை அசைந்துவிடுமோ என்று கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு அங்கே போவதைக் குறைத்தாள். ஆனால் மாதாமாதம் 47ஐ அவள்தான் நிரப்ப வேண்டியிருந்தது. ஒருமுறை உண்மைக் குளிசை டப்பாவுக்குள் கை போய்விட்டது. வெளியே எடுத்து டப்பாவை மூடினாள்.

அடுத்த வருடம் சோதனையை இடையில் நிறுத்தினார்கள். இறப்புகளைத் தனியே கண்காணித்த குழு, உண்மை மருந்து எடுத்தவர்களே கூடுதலாக இறந்ததைக் கண்டது. தற்செயல் என்று தள்ளமுடியாத வித்தியாசம். குணவதி பட்டியலை விரித்துவைத்து, உண்மை மருந்து போன இலக்கங்களை விரலால் எண்ணினாள். அந்தப் போத்தல்களையும் நிரப்பியது அவள்தான்.

விபரம் தெரிந்ததும் அக்காவே போன் எடுத்தாள்.

"ஒரு வருசமா வெறும் மாவையோ விழுங்கினனான்? உனக்குத் தெரியுமெல்லே?"

"ஓம் அக்கா."

"நான் மூச்சிழுக்கிறதைப் பாத்துக்கொண்டு என்ர குசினியில தேத்தண்ணி குடிச்சனி."

உண்மை மருந்து கிடைத்திருந்தால் அக்கா இறந்திருக்கவும் கூடும். அது அக்காவுக்கும் தெரியும்.

மூன்று வருடம் கழித்து மகளின் கலியாணக் கார்ட்டோடு யோசப் மட்டும் வந்தார், அக்கா வரவில்லை. வாசலில் நின்றே தந்துவிட்டுப் போனார்.