ஃப்ளூ ஊசி மெசேஜுக்கு வந்த ‘வேண்டாம்’

ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வரச்சொல்லி எங்கள் கிளினிக்கிலிருந்து மெசேஜ் அனுப்பத் தொடங்கிய முதல் நாள், எனக்கு வந்த ஒரே பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். அனுப்பியவர் செல்வராசு. அரிசி ஆலையில் வேலை. உமித் தூசியில் மூச்சிரைப்பு வந்து, பல வருடங்களாக எங்களிடம் இன்ஹேலர் எழுதி வாங்கிப்போகிறவர்.

நான் அப்போது திருத்துறைப்பூண்டியில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு மழைக்காலத்துக்கு முன்பே இந்த ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்பது டாக்டரின் எண்ணம். நேரில் சொன்னால் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். குழந்தைக்கு ஊசி என்றால் தேதி தவறாமல் தூக்கி வருகிற அதே மனிதர்கள்தான். ‘உங்களுக்கான ஃப்ளூ ஊசி வந்துவிட்டது. இந்த வாரம் மாலையில் வந்து போட்டுக்கொள்ளவும்’ என்று எழுதி, கிளினிக் போனிலிருந்தே அனுப்பினேன். லிங்க் எதுவும் வைக்கவில்லை. லிங்க் இருந்தால் பேங்க் மோசடி என்று பயந்து அழித்துவிடுகிறார்கள்.

பலர் வந்தார்கள். வராதவர்களுக்கு அடுத்த வாரமும் அனுப்பினேன். செல்வராசுவிடமிருந்து மறுபடியும் ‘வேண்டாம்’. மூன்றாம் முறையும் அதே. டாக்டர் பார்த்துவிட்டு, விருப்பமில்லாதவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, அவர் நம்பரை எடுத்துவிடுங்கள் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் எனக்குள் ஒன்று இடறியது. வராத மற்றவர்கள் யாரும் பதிலே போடவில்லை. இவர் மட்டும் எதற்காக ஒவ்வொரு முறையும் மெனக்கெட்டு எழுதுகிறார்? எடுப்பதற்கு முன் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன்.

மில் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து பேசினார். மனைவி மல்லிகாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு தடவை திருவாரூரில் டயாலிசிஸ். பிள்ளைகள் இல்லை. பைக்கில் கூட்டிப்போய்க் கூட்டிவர இவர் ஒருவர்தான்.

“ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும்னாங்க சிஸ்டர். நான் படுத்துட்டா அவள யாரு கூட்டிட்டுப் போறது? ஒரு தடவ தவறுனாலும் கால் வீங்கி, மூச்சு முட்டிப் போயிடுதுங்க.”

மறந்துவிட்டவர்களுக்கு அனுப்புகிற மெசேஜை, நன்றாக யோசித்து முடிவெடுத்திருந்த ஒரு மனிதருக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு மறுபடி பேசினேன். காய்ச்சல் எல்லோருக்கும் வராது, வந்தாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும் என்று சொன்னேன்.

“ஆனா அண்ணே, ஃப்ளூவே வந்தா நீங்க ஒரு வாரம் எந்திரிக்க முடியாது. அது அவங்களுக்கும் ஒட்டிக்கும். அவங்க உடம்பு தாங்குமா?”

“அப்ப அவளுக்கும் போடலாங்களா?” என்றார்.

டயாலிசிஸ் டாக்டரிடம் எங்கள் டாக்டர் பேசினார். போடலாம், போடவும் வேண்டும் என்று பதில் வந்தது. ஒரு டயாலிசிஸ் முடிந்த மறுநாள் போட்டால், காய்ச்சல் அடித்தாலும் அடுத்ததற்குள் எழுந்துவிடலாம். அந்த நாளைக் குறித்து, ‘இருவரும் வரவும்’ என்று அனுப்பினேன். ‘வர்றோம்’ என்று பதில் வந்தது.

மல்லிகா உள்ளே வந்ததும், டயாலிசிஸ் ஊசி குத்துகிற கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மறுகையை நீட்டினார். “ரெண்டு பேரும் ஒண்ணா படுத்துட்டா கஞ்சி வைக்க நீங்கதான் வரணும்” என்றார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவருக்குக் கை வலியோடு போயிற்று. செல்வராசுவுக்குத்தான் லேசாகக் காய்ச்சல். அடுத்த டயாலிசிஸுக்கு வழக்கம்போல் அவரே பைக் ஓட்டினார்.

அதன்பிறகு மெசேஜின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘வர முடியாவிட்டால் ஏன் என்று எழுதுங்கள்.’ இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். நினைவூட்டினால் மட்டும் போதாது, என்ன தடுக்கிறது என்று கேளுங்கள். நடவு முடியட்டும் என்று ஒருவர் எழுதினார். ஊசிக்கு முன் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். ஒரு பதில் துபாயிலிருந்து வந்தது. அப்பாவுக்காகக் கொடுத்த நம்பர் மகனுடையதாம், தானே கூப்பிட்டுச் சொல்வதாக எழுதியிருந்தார்.

மறுநாள் அந்த அப்பா வந்து உட்கார்ந்தார்.

“அங்கேருந்து விடிகாலையிலயே திட்டுறான்மா. போட்டு விடுங்க” என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.