கோப்புக் காட்சியில் அத்தான்

எங்கள் அத்தான் தொலைக்காட்சியில் வந்தார். ஒரு தடவை அல்ல, செய்தியில் ரயில் பேச்சு அடிபட்டபோதெல்லாம் வந்தார். அதனால் மனிதர் கண்ட பலன் என்ன என்று யாராவது கேட்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. அதனால் முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவின் கணவர். ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். மாணவிகள் வருவதற்கு முன்பே போய்க் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி ஸ்டாண்டில் மாட்டுவார், புட்டிகளில் அமிலம் நிரப்பி லேபிள் ஒட்டுவார், யாராவது எதையாவது உடைத்தால் திட்டாமல் கூட்டி அள்ளுவார். நைட்ரிக் அமிலம் பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். சாப்பிட உட்காரும்போது அக்கா அந்தக் கையைப் பார்த்து முகம் சுளிப்பாள். "கழுவிட்டேன்" என்பார். வீட்டில் அவர் பேசுகிற பேச்சில் பாதி அதுதான். வாயில்லாப் பூச்சி. நில் என்றால் நிற்பார், எதற்கு நிற்கச் சொன்னாய் என்று கேட்க மாட்டார். இந்தக் குணத்துக்காக அவரை நான் ஓட்டாத ஓட்டம் இல்லை.

மகளும் அதே கல்லூரியில்தான் படித்தாள். காலையில் அப்பாவும் பெண்ணும் ஒன்றாகக் கிளம்புவார்கள். அவள் பெண்கள் பெட்டியில் ஏறுவாள். அவர் அதை ஒட்டிய பொதுப் பெட்டியில், இரண்டுக்கும் நடுவே இருக்கும் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் நிற்பார். உட்கார இடம் கிடைத்தாலும் அந்த இடத்தை விட மாட்டார். நானும் அதே ரயில்தான். கூரியர் கம்பெனியில் பொட்டலம் பிரிக்கிற உத்தியோகம். அந்தப் பெட்டியில் மூச்சு விடுவதற்கே முறை வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நிற்பவனின் சாப்பாட்டுப் பை நம் விலாவில் இடிக்கும். எவனோ ஒருவன் ஃபோனை அலறவிட்டு வீடியோ பார்ப்பான். எல்லோரும் அவனைத் திட்டுவோம், கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் எட்டிப் பார்ப்போம்.

ஒருநாள் இந்த நெரிசலைப் படம் பிடிக்க ஒரு செய்தி சேனலிலிருந்து வந்தார்கள். கேமராக்காரர் புகுந்து புகுந்து எடுத்தார். நாங்கள் எல்லோரும் லென்ஸைப் பார்த்துப் பல்லைக் காட்டினோம். அத்தானும் பார்த்தார். கேமராக்காரருக்கு எரிச்சல்.

"கேமராவப் பாக்காதீங்க சார். அந்தப் பக்கம் பாருங்க."

அவர் கை காட்டிய பக்கம் இருந்தது கம்பித் தடுப்பு. அதற்கு அப்பால் பெண்கள் பெட்டி. எங்களில் ஒருவரும் பேச்சைக் கேட்கவில்லை. அத்தான் கேட்டார். கண்ணைக்கூட அசைக்காமல் காட்டிய பக்கமே பார்த்தார். அதனால் அவர் முகம் மட்டும் சுத்தமாக விழுந்தது.

அன்று மாலைச் செய்தியில் அவரைப் பார்த்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உறவில் ஒருவரை விடாமல் ஃபோன் போட்டாள். பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாருக்கும் போட்டாள். சரி, அத்தோடு முடிந்தது என்று பார்த்தால், கட்டணம் ஏறினால் அத்தான். தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் அத்தான். வேலைநிறுத்தம், ரயிலே ஓடவில்லை என்ற செய்தியிலும் ஓடுகிற ரயிலில் நிற்கும் அத்தான். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் 'கோப்புக் காட்சி' என்று இருக்கும். இது பழைய படம், எடுத்து வைத்ததைத் திரும்பக் காட்டுகிறோம் என்று அர்த்தம். ரயில் சிநேகிதர்கள் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். கோப்பு வந்தாச்சு, வழி விடுங்கப்பா என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய்த் தன் இடத்தில் நிற்பார். மகளுக்கும் பெருமைதான். தோழிகளிடம் அவளே காட்டிக் காட்டிச் சொன்னாள்.

அப்புறம் எவனோ ஒரு பொறுக்கி ஓடும் ரயிலில் ஒரு பெண்ணின் மேல் கை வைத்துவிட்டு ஓடிப்போனான். சேனலில் அது பெரிய செய்தி. அவன் படம் அவர்களிடம் இல்லை. அதற்காகத் திரையைச் சும்மா விட முடியுமா? கையிருப்பில் இருந்த ரயிலை எடுத்து ஓட்டினார்கள். கீழே 'பெண்களைக் குறிவைக்கும் காமுகன்' என்று கொட்டை எழுத்து, மேலே எங்கள் அத்தான், கம்பி வழியே பெண்கள் பெட்டியைப் பார்த்தபடி. மூலையில் 'கோப்புக் காட்சி' இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவனோ ஒரு புண்ணியவான் அந்தப் படத்தை ஃபோனுக்குத் தோதாக இரண்டு பக்கமும் வெட்டினான். வெட்டியதில் மூலை போய்விட்டது. அத்தான் நட்டநடுவில் நின்றார். அவனுக்கு அடுத்தவன் அவர் தலையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினான்.

பெட்டியில் அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. கோப்பு, கோப்பு என்று கூப்பிட்ட அதே வாய்கள்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி கம்பியில் செய்தித்தாளைச் செருகி மறைத்தாள். இவருடைய படத்தை எடுத்தபோது நீயும்தானே கூட இருந்தாய் என்று நான் ஒருவனிடம் வாயைக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து அடுத்த நிலையத்தில் இறக்கினார்.

கல்லூரிக்கும் அது போய்ச் சேர்ந்தது. பெற்றோர்கள் கொதித்தார்கள். முதல்வர் அம்மா நல்ல மாதிரி, அவரை உட்காரவைத்துத்தான் பேசினாராம். அது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும், வீடு வீடாகப் போய் நான் சொல்ல முடியுமா என்றாராம்.

"அதே டிவில உங்க முகத்தக் காட்டி, இவர் ஒண்ணும் பண்ணலன்னு சொல்லட்டும். மறுநாளே லேப் கோட்டு மாட்டிக்கிட்டு வந்துடுங்க."

அதுவரை வேலைக்கு வர வேண்டாம். அத்தான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? சாப்பிடும்போதும் அதையே சொன்னார்.

மகள் வேறு ரயிலில் தனியாகப் போனாள். வகுப்பில் என்ன கேட்டார்களோ, ஒருநாள் மாலை வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும் அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"நீ ஏம்ப்பா அந்தப் பக்கம் பாத்த?"

"பாக்கச் சொன்னாங்கம்மா."

அவள் நம்பினாள். நம்பினாலும் அதை வெளியே போய் யாரிடம் சொல்வது? தட்டில் இருந்ததை அளைந்துவிட்டு எழுந்து போனாள்.

நானும் அத்தானும் சேனல் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். வரவேற்பறையில் பெரிய பெரிய திரைகள், எதிலும் சத்தம் இல்லை, எல்லாவற்றிலும் யாரோ வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் செய்திப் பிரிவிலிருந்து ஒரு தம்பி வந்தார். சண்டைக்குத் தயாராகப் போனவன் நான். அந்தத் தம்பி கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டார். பொய்ச் செய்தியால் அடிபட்டவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறது, அதில் சார் வந்து பேசட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்றார். எனக்கே அவரைப் பிடித்துப்போயிற்று.

நிகழ்ச்சிக்குக் கூப்பிட்ட அன்று அத்தான் மழுங்கச் சவரம் செய்துகொண்டார். ஆய்வகத்தின் வெள்ளைக் கோட்டை அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். படம் பிடிக்கும் அறையில் விளக்கு சுட்டது. அவர் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, எங்கே பார்க்க வேண்டும் என்றுதான்.

"நேரா கேமராவையே பாருங்க சார்."

பார்த்தார். கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை. அந்த மனிதர் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஆய்வகத்தைப் பற்றிச் சொன்னார், மகளைப் பற்றிச் சொன்னார், அந்தப் பக்கம் பார் என்று சொன்னதால் பார்த்ததைச் சொன்னார். முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒளிபரப்பான மாலை எல்லோரும் வீட்டில் கூடினோம். அக்கா முதல்வர் அம்மாவுக்கு ஃபோன் போட்டுப் பார்க்கச் சொன்னாள். மகள் வகுப்புத் தோழிகள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள், எங்கப்பா வரார், பாருங்க என்று. அத்தான் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றார்.

முதலில் நடந்தது என்ன என்று விளக்கினார்கள். விளக்குவதற்குப் பழைய படத்தைக் காட்டினார்கள். சிவப்பு வட்டத்தோடு, முழுத் திரைக்கு, நிறுத்தி நிறுத்தி. அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டாள். இரு அக்கா, இப்போ வரும் என்றேன். வந்தது. வெள்ளைக் கோட்டு வந்தது. மஞ்சள் விரல்கள் மடியில் கோத்தபடி வந்தன. கழுத்துக்கு மேலே முகம் இல்லை. கட்டம் கட்டமாகக் கலங்கிய ஒரு திட்டு. குரலையும் மாற்றியிருந்தார்கள், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ உறுமுகிற மாதிரி. கீழே 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதியிருந்தது.

நான் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். நிகழ்ச்சி நன்றாக வந்திருக்கிறதா என்று அவரே கேட்டார். முகம் எங்கேடா என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

"பாதிக்கப்பட்டவங்க முகத்தைக் காட்ட மாட்டோம் சார். அவர் நல்லதுக்குத்தான்."

"அப்போ முதல்ல காட்டினது?"

"அது ஃபைல் ஷாட் சார், கோப்புக் காட்சி."

ஃபோனை வைத்தேன். அதற்குள் முதல்வர் அம்மா அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். பாவம், அவருக்கும் சங்கடம். முகமே தெரியவில்லையே, இதை வைத்துக்கொண்டு பெற்றோரிடம் என்ன சொல்வது என்றார். பழைய படத்தை மறந்திருந்தவர்கள்கூட இப்போது மறுபடி பார்த்திருப்பார்களே என்றும் சொன்னார். வேறு இடத்தில் வேலை பார்த்துக்கொள்வது அத்தானுக்கும் நல்லது என்றார்.

மகளின் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் அதை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள். அவளுடைய நெருங்கிய தோழி அனுப்பியிருந்தாள். நிகழ்ச்சி முழுக்கப் பார்த்தாளாம். உங்க அப்பா எப்போ வருவார் என்று கேட்டிருந்தாள்.

திரையில் சோப்பு விளம்பரம் ஓடியது. யாரும் அணைக்கவில்லை. அத்தான் சுவரை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ அங்கதான இருந்த. நான் நேராத்தான பாத்தேன்?"

"நேராத்தான் பாத்தீங்க, அத்தான்."